கீப்பர் வாங்கின கோலா, டிஃபென்ஸ் விட்ட கோலா? சேவ் சதவீதத்தை நம்பி கீப்பர் எடுக்கலாமா?

கரிசல்காடு

எங்க ஜூனியர் ஹாக்கி (தரையில ஆடுத ஃபீல்டு ஹாக்கி) அணிக்கு ஒரு கீப்பர் எடுக்கணும், பேரு ரெண்டு வந்திருக்கு. முதல் பையனோட டீம் லீக்ல கோலா வாங்கிக் குவிச்சிருக்கு. ரெண்டாவது பையனோட டீம் அதுல பாதிகூட வாங்கல. "கம்மியா வாங்கினவன எடுங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு"ன்னு கமிட்டியில பாதிப் பேர் சொல்லுதாங்க. மீதிப் பேரு, முதல் பையன் முன்னால நிக்க ஃபுல்பேக் ரெண்டு பேரும் ஆளை விட்டுட்டு பந்தைப் பாக்கவங்க, அவனை எப்பிடிக் குத்தம் சொல்லங்காங்க.

நடுவுல ஒருத்தர், ஐஸ் ஹாக்கியில சேவ் சதவீதம்னு ஒண்ணு உண்டு, வந்த ஷாட்ல எத்தனை தடுத்தாம்னு மட்டும் பாத்தா டிஃபென்ஸ் கணக்குலயே வராது, அதை எடுத்துக்கிடுவோம்ங்காரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஐஸ் ஹாக்கியிலயே அந்த எண் டிஃபென்ஸால மாறுமா, மாறாதா? மாறும்னா எந்த வழியில மாறுது? நம்ம ஆட்டத்துக்கு அதை எப்பிடித் திருப்பிக்கிடணும்?

வீடியோ கிடையாது. ஸ்கோர் ஷீட்டு, ஒரு நாப்பது பக்க நோட்டு, கோலுக்குப் பின்னால உக்கார ஒரு ஆளு. இவ்வளவுதான் கையில இருக்கு. தெரிஞ்ச அண்ணாச்சிமாரு சொல்லுங்க.

பனித்தளம்

மாறும். நல்லாவே மாறும். "டிஃபென்ஸ் கணக்குல வராது" என்பதுதான் அந்த எண்ணைப் பற்றிய பெரிய தப்பெண்ணம்.

முதலில் உங்கள் கமிட்டியில் நடக்கும் சண்டை புதுசு இல்லை என்று சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவின் என்எச்எல் லீக்கில் சிறந்த கீப்பருக்கு வெசினா கோப்பை என்று ஒன்று உண்டு. 1980-81 வரைக்கும் அதை யாரும் ஓட்டுப் போட்டுக் கொடுக்கவில்லை. எந்த அணி மிகக் குறைவாகக் கோல் வாங்கியதோ அந்த அணியின் கீப்பருக்குப் போய்விடும். உங்கள் "கம்மியா வாங்கினவன எடு" ஆட்கள் சொல்வதும் இதே கணக்குத்தான். 1981-82 முதல் அணி மேலாளர்கள் ஓட்டுப் போட்டு வெசினாவைத் தர ஆரம்பித்தார்கள். குறைந்த கோல் கணக்குக்கு ஜென்னிங்ஸ் கோப்பை என்று தனியாக ஒன்றை வைத்துவிட்டார்கள். அணியின் எண் வேறு, ஆளின் திறமை வேறு என்று அவர்களே பிரித்த இடம் அது.

சேவ் சதவீதம் என்பது தடுத்த ஷாட்டை, கோலை நோக்கி வந்த மொத்த ஷாட்டால் வகுப்பது. 30 வந்து 27 தடுத்தால் 0.900. கம்பத்தில் பட்டுத் திரும்பியது, வெளியே போனது, டிஃபென்ஸ் ஆள் மேலே பட்டு நின்றது எதுவும் இதில் சேராது. சிக்கல் இதுதான்: வந்த 30 ஷாட்டும் ஒரே எடை என்று வைத்துக்கொண்டுதான் இந்த வகுத்தலே நடக்கிறது.

இரண்டு ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீலக்கோட்டில் இருந்து அடிப்பது ஒன்று. கோல் கோட்டுக்கும் அதற்கும் 64 அடி, அதாவது 19.5 மீட்டர். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தாலும் வந்து சேர அரை செகண்ட் ஆகும். முன்னால் மறைப்பு இல்லை என்றால், அந்த மட்டத்தில் ஆடும் கீப்பர் அதை ஏறக்குறைய எப்போதுமே தடுப்பான். இரண்டாவது, கோலுக்கு முன் 6 மீட்டரில் இடமிருந்து வலம் பாஸ் போய், வாங்கிய கையோடு அடிப்பது. வேகம் 100தான், ஆனால் 0.2 செகண்டுக்குச் சற்று மேலேதான் நேரம். அதிலும் கீப்பர் ஒரு பக்கத்துக் கம்பத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்துகொண்டே இருப்பான். நகரும்போது காலிடுக்கு திறக்கும், தோள் சாயும். ஸ்கோர் ஷீட்டில் இரண்டும் "ஷாட் 1" தான்.

ஐஸ் ஹாக்கி கோலின் அகலம் 1.83 மீட்டர், உயரம் 1.22 மீட்டர். கால் பேட் ஒவ்வொன்றும் 28 சென்டிமீட்டர் வரை அகலம். நேராக நின்று பக்கை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) பார்த்துவிட்ட கீப்பரைத் தாண்டிப் போடுவது கஷ்டம். அதனால் அங்கே நல்ல டிஃபென்ஸ் ஷாட்டே வராமல் பார்ப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்வதில்லை. மூன்று காரியத்தைத் தடுக்கப் பார்க்கும்: கோலுக்கு முன்னால் குறுக்குப் பாஸ், கீப்பர் கண்ணை மறைப்பது, இரண்டாவது ஷாட். முன்னாள் கீப்பர் ஸ்டீவ் வாலிக்வெட், கோலின் நடுவிலிருந்து மைதானத்தில் நேராக ஒரு கற்பனைக் கோடு இழுத்து அதற்கு 'ராயல் ரோடு' என்று பேர் வைத்தார். அந்தக் கோட்டைக் குறுக்கே தாண்டிய பாஸுக்குப் பிறகு வரும் ஷாட்டில் கோல் விழும் விகிதம் எகிறிவிடும். இரண்டு பேர் ஒரு டிஃபெண்டரை நோக்கி வரும்போது அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஷாட் கீப்பருடையது, பாஸ் டிஃபெண்டருடையது. டிஃபெண்டர் பதறிப்போய் பக் வைத்திருப்பவன் மேல் பாய்ந்தால் கீப்பருக்கு இரண்டும் சேர்ந்து வரும். அந்தக் கோலைக் கீப்பர் பேரில் எழுதுவது அநியாயம்.

ஆளையே மாற்றாமல் எண் மாறியதற்கு உதாரணம் கேட்டால் பிரையன் எலியட். 2010-11ல் ஒட்டாவா, கொலராடோ இரண்டு அணிக்கு ஆடி 0.893. அடுத்த வருஷம் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் அணிக்குப் போனார். கட்டுப்பாடான டிஃபென்ஸுக்குப் பேர் போன கென் ஹிட்ச்காக் 2011 நவம்பரில் அங்கே பயிற்சியாளர் ஆனார். அந்த சீசனில் எலியட் 0.940. கூட இருந்த இன்னொரு கீப்பர் யாரோஸ்லாவ் ஹாலக்கின் எண்ணும் நன்றாக இருந்தது. ஜென்னிங்ஸ் கோப்பையை இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினார்கள். எலியட் முன்னேறவே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே அணியின் இரண்டு கீப்பரும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்தால், விளக்கு முன்னால் நிற்பவர்கள் கையில் இருக்கிறதா என்று பார்க்கணும். உங்களுக்கு இதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது: அந்தந்தப் பையனை அவனுடைய டீமின் மாற்றுக் கீப்பரோடு ஒப்பிடுங்கள். ஒரே டிஃபென்ஸ் பின்னால் நின்ற இரண்டு பேர் என்பதால் ஒப்பீடு ஓரளவு சுத்தமாக இருக்கும்.

இன்னொரு வலை. நல்ல டிஃபென்ஸ் கீப்பரின் சதவீதத்தைக் குறைக்கவும் செய்யும். தூரத்து ஷாட்டையெல்லாம் அடைத்துவிட்டால் மிஞ்சுவது கிட்டத்து ஷாட் மட்டும். 40 ஷாட் வந்து 4 கோல் என்றால் 0.900, 20 வந்து 3 கோல் என்றால் 0.850. இரண்டாவது ஆட்டத்தில் அணி குறைவாகத்தான் கோல் வாங்கியது, கீப்பரும் நன்றாகவே ஆடியிருக்கலாம். எண் மட்டும் அவனை மட்டம் தட்டுகிறது. மாறாக, தூரத்திலிருந்து அடிக்க விட்டுக்கொடுக்கிற டிஃபென்ஸ் பின்னால் நிற்பவனுக்கு இலவச சேவ் சேர்ந்துகொண்டே இருக்கும்.

பாளை ஃபுல்பேக்

பனித்தளம் சொன்னது சரி. அதை நம்ம ஆட்டத்துக்குக் கொண்டாரும்போது நாலஞ்சு இடத்துல அளவு மாறுது, அதைச் சொல்லுதேன்.

பந்தும் பக்கும் எடையில கிட்டத்தட்ட ஒண்ணு: நம்ம பந்து 156ல இருந்து 163 கிராம், பக்கு 156ல இருந்து 170. கோலுதான் வேற. நம்ம கோலு 3.66 மீட்டர் அகலம், 2.14 உயரம். பரப்பைப் பெருக்கிப் பாத்தா ஐஸ் ஹாக்கி கோல் மாதிரி மூணரை மடங்கு. அதனால 0.900ன்னு ஒரு எண்ணை மனசுல வச்சுக்கிட்டு நம்ம பையனைத் தேடாதீங்க, அகப்பட மாட்டான். அங்க எங்க இருந்து அடிச்சாலும் கோல். இங்க டிக்குள்ள, அதாவது கோலுக்கு முன்னால இருக்க அரைவட்டத்துக்குள்ள இருந்து அடிச்சாத்தான் கோல். டி தலைமாட்டுல இருந்து 14.63 மீட்டர், 100 கிலோமீட்டர் வேகத்துல வந்தா அரை செகண்ட். 7 மீட்டருக்குள்ள விட்டுட்டா கால் செகண்ட்.

இப்ப டிஃபென்ஸ் என்ன செய்ய முடியும்னு கேட்டா, கோலைச் சின்னதாக்க முடியும். விளையாட்டுக்குச் சொல்லல. கோலுக்கு நேர் எதிர 10 மீட்டர்ல நின்னு பாத்தா 3.66 முழுசும் தெரியும். அதே 10 மீட்டர் தூரத்துல ஆளை ஓரமா ஒதுக்கி, நேர்க்கோட்டுல இருந்து 60 டிகிரி தள்ளிவிட்டா அவன் கண்ணுக்குத் தெரியுத அகலம் பாதி, அதாவது 1.83. ஐஸ் ஹாக்கி கோல் அகலம் அதேதான்! ஃபுல்பேக் ஒழுங்கா ஓரத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போனா கீப்பருக்கு ஐஸ் ஹாக்கி கோல்தான் பாக்கி. நடுவைத் திறந்துவிட்டா முழுக்கோல். மடையை ஒழுங்கா அடைக்காம வரப்பைக் குத்தம் சொல்லக் கூடாது.

ஓட்டுதது எப்பிடின்னா: நேர எதிர நிக்கக் கூடாது, அரை உடம்பு உள்பக்கமா நின்னு, ஸ்டிக்கைத் தரையில வச்சு, உள்ள வெட்டுத பாதையை மூடணும். அவன் தோதான கைக்கு அடிக்கவிடாம ரிவர்ஸ் (ஸ்டிக்கைத் திருப்பி அடிக்குத) பக்கம் போக வைக்கது இன்னும் நல்லது. பின்னாலயே ஓடி ஓடி ஒண்ணரை மீட்டர்ல இருக்கணும். டிக்குள்ள வந்தபிறகு படுத்து டேக்கிள் அடிக்கதுதான் நம்ம பயக்க பெரிய வியாதி. தப்பினா ஆளும் போவான், கீப்பருக்கு மறைப்பும் விழும், கால்ல பட்டா பெனால்டி கார்னரும் (பின்கோட்டுல இருந்து பந்தைத் தள்ளிவிட்டு எதிர் டீம் கோலுக்கு அடிக்குத வாய்ப்பு) வரும்.

பெனால்டி கார்னரைத் தனிக் கணக்கா வைக்கணும். ஐஸ் ஹாக்கியில ஒரு ஆள் தண்டனையில வெளியே உக்காந்திருக்கும்போது வாங்குத ஷாட்டைத் தனியாப் பிரிக்காங்க; ஆள் குறைஞ்சா யார் நின்னாலும் சதவீதம் இறங்கும். நமக்கு அதுக்குச் சமம் கார்னர். கீப்பரோட சேந்து 5 பேரு, மிச்சம் எல்லாரும் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம். ஹிட்டுன்னா முதல் அடி கோலுக்குள்ள இருக்க 460 மில்லிமீட்டர் பலகை உசரத்துக்கு மேல போகக் கூடாது. ட்ராக் ஃப்ளிக்குக்கு (பந்தை ஸ்டிக்கால இழுத்து வீசுதது) அந்தக் கட்டு கிடையாது, மேல் மூலைக்கும் போகும். டிக்குள்ள கால்ல படுதது மட்டுமில்ல, 23 மீட்டர் கோட்டுக்குள்ள வேணும்னே ஃபவுல் பண்ணினாலும் கார்னர்தான். ஆக ஒரு டீம் எத்தனை கார்னர் கொடுக்குங்கதே டிஃபென்ஸோட கையெழுத்து.

கார்னர்ல கீப்பரோட பாதி வேலை முதல் ரஷ்ஷர் (அடிக்கவனை நோக்கி முதல்ல பாயுத டிஃபெண்டர்) கையில இருக்கு. அவன் எந்தப் பக்கத்துக் கோட்டை மூடி ஓடுதானோ அந்தப் பக்கம் அவன் பொறுப்பு, மறுபக்கம் கீப்பர் பொறுப்பு, போஸ்ட்டுல நிக்கவன் கீழ் மூலையைப் பாப்பான். முந்தியே பேசி வச்ச கோட்டை விட்டு ரஷ்ஷர் நட்டநடுவுல ஓடினா அவன் எதையும் மூடல, கீப்பர் கண்ணை மட்டும் மறைக்கான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல காலிறுதியில இந்திய டிஃபெண்டர் அமித் ரோஹிதாஸ் 17வது நிமிஷம் சிவப்பு அட்டை வாங்கிட்டாரு. மிச்சம் 43 நிமிஷமும் 10 பேரா நின்னு 1-1 ஆக்கி, ஷூட்டவுட்ல (கீப்பரும் அடிக்கவனும் மட்டும் மோதுதது) பிரிட்டனை 4-2ன்னு ஜெயிச்சாங்க. நம்ம கீப்பர் ஸ்ரீஜேஷ் பேரு பேப்பர் முழுக்க வந்துச்சு, வர வேண்டியதுதான். ஆனா ஆள் குறைஞ்ச டீம் டிக்கு முன்னால எப்பிடி நெருக்கி நின்னுச்சுன்னு பேசினவங்க கம்மி. அரையிறுதியில ரோஹிதாஸுக்குத் தடை, முதல் ரஷ்ஷர் இடத்துக்கு வேற ஆள் வர வேண்டியதாயிடுச்சு. ஜெர்மனிகிட்ட 2-3. அதனாலதான் தோத்தோம்னு சொல்ல மாட்டேன். கீப்பர் அதே கீப்பர், முன்னால நிக்கவங்க அதே ஆட்கள் இல்ல. அது வரைக்கும்தான் சொல்லுதேன்.

கிழக்குப் போஸ்ட்

எல்லாரும் கீப்பருக்கு வக்கீலா வந்துட்டீங்க. மறுபக்கத்தையும் பாருங்க அண்ணாச்சி.

டிஃபென்ஸ் கீப்பரை உருவாக்குதுங்கீங்க. கீப்பரும் டிஃபென்ஸை உருவாக்குதாம்லா? மைதானம் முழுசும் முன்னால பாத்துக்கிட்டு நிக்கது அவன் ஒருத்தன்தான். ஃபுல்பேக் முதுகுக்குப் பின்னால வார ஆளை அவன்தான் சொல்லணும். சொல்லுதது ஒரே வார்த்தையா, ஆள் பேரோட, பந்து 23 மீட்டர் கோட்டைத் தாண்டுததுக்கு முன்னாலயே இருக்கணும்: "இடது", "நில்லு", "பின்னால ஆள்", "என் பால்". டிக்குள்ள வந்தப்புறம் "ஏல பாருல" ன்னு கத்துதது சத்தம், தகவல் கிடையாது. ஊமைக் கீப்பர் முன்னால நிக்க டிஃபென்ஸ் எப்பவும் மோசமாத்தான் தெரியும். அப்ப அந்தக் கோல் யார் பேருல?

அடுத்தது ரீபவுண்ட், அதாவது கீப்பர் மேல பட்டுத் திரும்புத பந்து. இங்க ஐஸ் ஹாக்கிக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, மேல யாரும் சொல்லல. அங்க கீப்பர் கையுறையில பிடிச்சோ, மேல விழுந்து அமுக்கியோ ஆட்டத்தை நிறுத்தலாம். நம்ம கீப்பர் பந்து மேல படுக்கக் கூடாது, படுத்தா விசில். அதனால தடுத்த பந்து எங்கயாவது போய்த்தான் ஆகணும். எங்க போகுதுங்கதுலதான் கீப்பரோட தரமே இருக்கு. பாதத்துல போடுத கிக்கரோட உள்பக்கத்தால ஓரக்கோட்டைப் பாத்துத் தள்ளினா சேவ். கால் நேரா நின்னு, பட்டு டி நடுவுல விழுந்தா அது பாதி சேவ்தான். இப்ப வார ஃபோம் பேடு பந்தை நல்லா எறியும், அதனால பேடு சரியான கோணத்துல இருந்தா பந்து ஆபத்துல இருந்து தூரப் போயிடும்; கோணம் தப்பினா எதிராளி ஸ்டிக்குக்கே பாஸ் கொடுத்த மாதிரி. பழைய, ஊறிப்போன பேடுல பந்து காலடியிலயே செத்து விழும். ரெண்டு பையனும் என்ன பேடு போடுதாங்கன்னு பாத்தீங்களா?

இதுக்கு ஒரு எளிய விதி. தடுத்த பந்து கீப்பருக்கு முன்னால 2 மீட்டருக்குள்ள நடுவுல விழுந்து, அதுல கோல் வந்தா கீப்பர் கணக்கு. ஓரத்துக்குப் போயும் எதிராளி முந்தி எடுத்து அடிச்சா டிஃபென்ஸ் கணக்கு. தகராறு வரும், வந்தா பாதிப் பாதி போட்டுக்கிடுங்க.

நாப்பது பக்க நோட்டு

பேருக்கேத்த வேலை வந்துட்டு, சொல்லுதேன்.

உக்கார வேண்டிய இடம் கேலரி இல்ல. கோலுக்குப் பின்னால, வலையில இருந்து ஒரு 5 மீட்டர் தள்ளி, பக்கவாட்டுல. அங்க இருந்தாத்தான் கீப்பர் கண்ணுக்குப் பந்து தெரிஞ்சுதா இல்லியான்னு தெரியும். எழுத ஏத்த ஆளு மாற்றுக் கீப்பர். ஆனா அவன் எழுதுதது எதிர்க் கோல் கீப்பரைப் பத்தியா இருக்கணும், சொந்த டீம் கீப்பரைப் பத்தி எழுதினா கை கோணும். மே மாசம் கோவில்பட்டியில லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டி நடக்கும்போது ரெண்டு மேட்ச் எழுதிப் பழகிக்கிட்டா கை ஓடும்.

ஒரு பக்கத்துல டி படம் ஒண்ணு, அதை நடு, இடம், வலம்னு மூணாப் பிரிச்சு, 7 மீட்டர்ல ஒரு வளைவு. ஆறு கட்டம் ஆச்சு. கோலை நோக்கி வந்த ஷாட் ஒவ்வொண்ணுக்கும் அந்தந்தக் கட்டத்துல வரிசை எண். பக்கத்துல நாலே குறி: தெளிவாப் பாத்தது 'தெ', குறுக்குப் பாஸுக்குப் பின்னால உடனே வந்தது 'கு', மறைப்பு அல்லது ஸ்டிக்குல பட்டுத் திரும்பினது 'ம', ரெண்டாவது ஷாட் 'ரெ'. பெனால்டி கார்னரை வேற பக்கத்துல. கோல்னா வட்டம் போட்டுருங்க. வெளிய போன ஷாட்டு எழுதாண்டாம். இதுக்கு மேல குறி வச்சா மேட்ச் ஓட்டத்துல எழுத முடியாது. பத்துக் குறி வச்சவன் பத்தாவது நிமிஷத்துல பேனாவை மூடிருவான்.

கணக்கு இப்பிடி. இது விளங்குததுக்கு நானா வச்ச எண்ணு, உங்க எண்ணை நீங்க போட்டுக்கிடுங்க. லீக்ல எல்லாக் கீப்பரையும் சேத்துப் பாத்ததுல தெளிவான ஷாட் 8ல 1 கோல் ஆகுது, கஷ்டமான ஷாட் ('கு', 'ம', 'ரெ' மூணும் சேத்து) 2ல 1 கோல் ஆகுதுன்னு வைங்க. முதல் பையனுக்கு வந்தது தெளிவு 40, கஷ்டம் 20. சராசரிக் கீப்பரா இருந்தா 5ம் 10ம் சேத்து 15 கோல். அவன் வாங்கினது 13. ரெண்டு கோல் மிச்சம் பிடிச்சிருக்கான். ரெண்டாவது பையனுக்கு தெளிவு 40, கஷ்டம் 4. சராசரி 5ம் 2ம் 7. வாங்கினது 8. ஒண்ணு கூட. இப்ப வெறும் சேவ் சதவீதம் பாருங்க: முதல் பையன் 60ல 47, அதாவது 78. ரெண்டாவது பையன் 44ல 36, அதாவது 82. வெறும் சதவீதத்தை வச்சு எடுத்தா ஆள் மாறிப் போகும்.

ஐஸ் ஹாக்கியில எதிர்பார்ப்புக் கோல்னு கம்ப்யூட்டர்ல போடுததும் அடிப்படையில இந்தக் கணக்குதான். தூரம், கோணம், எந்த வகை அடி, ரீபவுண்டா இல்லியா, இதையெல்லாம் வச்சு ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு விலை.

ஆனா ஒண்ணு, இந்தப் பிளஸ் 2, மைனஸ் 1 வித்தியாசத்தைப் பிடிச்சுக்கிட்டு ஆடாதீங்க. 60 ஷாட்டுல 78 சதவீதம்னா, அதிர்ஷ்டத்தால மட்டுமே 5 சதவீதம் மேலயோ கீழயோ சாதாரணமாப் போகும். என்எச்எல்ல ஒரு சீசனுக்கு 1,700 ஷாட் வாங்குத கீப்பருக்கே 0.007 வரைக்கும் அதிர்ஷ்டம் ஆட்டிவைக்கும். நம்ம லீக்ல 10 மேட்ச்ல என்ன தெரிஞ்சுரும்? எண்ணு உங்களுக்குப் பதில் சொல்லாது, எந்தக் கேள்வியைக் கேக்கணும்னு மட்டும் சொல்லும்.

கரிசல்காடு

ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. ரெண்டு சந்தேகம். முதல் பையன் ஆடினதுல பாதி மேட்ச் மண் தரை, ரெண்டாவது பையன் பெரும்பாலும் டர்ஃப் (செயற்கைப் புல் தரை). இதை எப்பிடிச் சேக்க? அடுத்தது, ஊமைக் கீப்பர்னு சொன்னீங்கல்லா, அதை நோட்டுல எப்பிடி எழுத?

பாளை ஃபுல்பேக்

சேக்காதீங்க. மண் தரைக்குத் தனிப் பக்கம். தண்ணி தெளிச்ச டர்ஃப்ல பந்து வழுக்கிக்கிட்டு வேகமா வரும், ஆனா போன வழியே வரும். மண்ணுல வேகம் குறையும், கடைசி ரெண்டு மீட்டர்ல ஒரு கல்லு, ஒரு குழி, பந்து துள்ளிரும். கரிசல் மண்ணு காஞ்சு வெடிச்சிருந்தா கேக்கவே வேண்டாம். அங்க 'தெளிவு'ன்னு நீங்க எழுதுதது பாதி 'மறைப்பு' வகைதான். மண்ணுல பழகின பையன் உடம்பைப் பந்துக்குப் பின்னால கொண்டாந்து நிப்பான், டர்ஃப் பையன் காலை மட்டும் நீட்டுவான். இதைக் கண்ணாலயே பாத்துரலாம், நோட்டு வேண்டாம்.

கிழக்குப் போஸ்ட்

சத்தத்தை எழுத வழி உண்டு. பந்து 23 மீட்டர் கோட்டைத் தாண்டுத ஒவ்வொரு தடவையும் கீப்பர் வாயில இருந்து பேரோட ஒரு வார்த்தை வந்துதா, வரலியா. வந்தா ஒரு கோடு, வராட்டி புள்ளி. பின்னால உக்காந்தவனுக்கு நல்லாவே கேக்கும்.

பனித்தளம்

நோட்டையெல்லாம் எழுதுங்கள், ஆனால் கடைசி முடிவுக்கு இருவரையும் ஒரே டிஃபென்ஸ் பின்னால் நிறுத்துங்கள். என்எச்எல்லில் இந்த வசதி யாருக்கும் கிடைக்காது, உங்களுக்குக் கிடைக்கும். ஒரே நான்கு டிஃபெண்டர், ஒரே ஆறு அட்டாக்கர். 15 நிமிஷத்துக்கு ஒருமுறை கீப்பரை மட்டும் மாற்றி, நான்கு தடவை. முதலில் நிற்பவனுக்குக் களைப்பில்லாத அட்டாக் வரும் என்பதால் வரிசை முதல், இரண்டு, இரண்டு, முதல் என்று போகட்டும். அதற்குப் பிறகு ஆளுக்கு 20 பெனால்டி கார்னர், ஒரே ரஷ்ஷர், ஒரே ஃப்ளிக்கர், ஐந்து ஐந்தாக மாற்றி மாற்றி. 20ஐயும் ஒரே மூச்சில் எடுத்தால் ஃப்ளிக்கருக்கு இடுப்பு போய்விடும், கடைசியாக நிற்கும் கீப்பருக்கு லாபம்.

நாப்பது பக்க நோட்டு

அப்பிடியே ஷூட்டவுட்டும் ஆளுக்கு பத்து வைங்க. 23 மீட்டர்ல இருந்து 8 செகண்ட், டிஃபென்ஸே கிடையாது. கீப்பர் மட்டும் உள்ள கணக்குன்னா அது ஒண்ணுதான்.

கிழக்குப் போஸ்ட்

வைங்க, ஆனா அதுக்கு மார்க் கம்மியாப் போடுங்க. ஷூட்டவுட்ல தனியா வெளிய ஓடிவந்து அடைக்கத் தெரிஞ்சவன், நாலு பேரை முன்னால நிறுத்தி வேலை வாங்கத் தெரிஞ்சவனா இருக்கணும்னு அவசியமில்ல. உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது ஆளு.

கரிசல்காடு

சரி அண்ணாச்சி. முதல், இரண்டு, இரண்டு, முதல். கார்னர் அஞ்சு அஞ்சா. ஃப்ளிக்கர் ஒருத்தன்தான் இருக்கான், அவன்கிட்ட இடுப்பைப் பத்தி முந்தியே கேட்டுக்கிடுதேன்.